ஆறாம் உலோகம்

மணிமொழி கோபக்காரி என்பது கோடம்பாக்கத்தில் அவள் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் எல்லோருக்கும் தெரியும். எதற்குக் கோபப்படுவாள் என்பதுதான் பிடிபடாது. டீ ஆறிப்போய் வந்தால் பேசாமல் குடித்துவிடுவாள். ஏசி ஓடாவிட்டால் துப்பட்டாவால் விசிறிக்கொள்வாள். ஆனால் யாராவது, "மியூசிக் போடுவியாமே, இன்னாமா வாசிப்பே? கீபோர்டா, கிட்டாரா?" என்று கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவள் பக்கம் போக முடியாது.

"ஒண்ணும் வாசிக்க மாட்டேன்" என்பாள்.  விரல்கள் கம்ப்யூட்டர் கீபோர்டின் எழுத்துகளை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. டிவி தொடர்களுக்குச் சத்தம் சேர்ப்பது வேலை. கதவு சாத்துகிற சத்தம், கொலுசு, தம்ளர் உருளுவது, மாமியார் திரும்பிப் பார்த்தால் மூன்று இடி. மருமகள் திரும்பிப் பார்த்தாலும் மூன்று இடி. பி.காம் முடித்துவிட்டு ஃபைல் காப்பி பண்ணும் வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தாள். எடிட் பண்ணுகிறவர் ஒரு வாரம் லீவு போட்டபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்புறம் எழுந்திருக்கவில்லை. பதினொரு வருடம் ஆகிறது.

ஒரு நாள் ஒரு டைரக்டர் வந்து, இதுவரை யாரும் கேட்காத இடி வேண்டும் என்றார். ஸ்டூடியோவில் நானூறு இடி இருந்தது. எல்லாம் யாரோ எங்கேயோ பதிவு செய்தவை. மணிமொழி அவற்றைத் தொடாமல், சத்தத்தை அடியிலிருந்து உருவாக்கும் ஒரு மென்பொருளைத் திறந்து இரண்டு நாள் உட்கார்ந்து ஓர் இடியைச் செய்தாள். டைரக்டர் கேட்டுவிட்டு, "பழைய இடியே போதும்மா" என்று போய்விட்டார். அவர் போனது அவளுக்கு வருத்தமாக இல்லை. அவள் காதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த மென்பொருளில் திரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதைத் தொட்டால் ஒரே ஒரு அலை எழும்பும். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் 'ஊ' என்று நேராக நிற்கும். பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்து இரண்டுக்கும் நடுவே ஓர் ஒயரை இழுத்தால், ஒன்று மற்றொன்றை உலுக்க ஆரம்பிக்கும். மெதுவாக உலுக்கினால் குரல் நடுங்கும். வேகத்தைக் கூட்டினால் மணியாகும். இன்னும் கூட்டினால் தகரத்தைக் கிழிப்பது போல் இருக்கும். பெட்டிகள் ஐந்தாகி, ஐம்பதாகி, திரை முழுக்க ஒயராகிவிட்டால், உலகத்தில் எந்தப் பொருளிலிருந்தும் வராத ஒரு சத்தம் அங்கே இருக்கும்.

அன்றைக்கு அவள் தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். மைக் கிடையாது. வாத்தியம் கிடையாது. பதிவு செய்த சத்தம் ஒரு துளிகூடக் கிடையாது. ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அவளே செய்வாள்.

அதற்கு அவளுக்கு இருந்த இடம் பஸ்தான். கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து எட்டு வருடம் ஆகிறது. பதிலுக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் ஒரு வீடு. அங்கிருந்து ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் உள்ள தி.நகருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். சீட் கிடைத்தால் மடியில் லேப்டாப், காதை இறுக மூடும் ஹெட்போன். பெருங்குடி, திருவான்மியூர், அடையாறு எல்லாம் ஜன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் போகும். அம்மா தேவானை அடையாறில் இரண்டு வீட்டில் சமைக்கிறாள். சில நாள் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். தேவானை மகளின் திரையை எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, ஈ.பி. பொட்டி மாரி ஒயரா கீது?" என்பாள்.  மகள் காதில் விழாது.

எட்டு மாதம் உழைத்து அவள் முடித்த இசைக்கு 'ஆறாம் உலோகம்' என்று பெயர். பஞ்சலோகத்துக்கு ஐந்து உலோகம். ஆறாவதாக ஒன்று பூமிக்குள் இருந்து, இதுவரை எந்த மனிதனும் அதைத் தோண்டி எடுக்கவில்லை என்றால், அதைத் தட்டினால் எப்படி ஒலிக்கும்? உருக்கினால்? உருக்கியதைத் தண்ணீரில் முக்கினால்? பத்தொன்பது நிமிடம். தாளம் இல்லை, பாட்டு இல்லை. அப்படி ஒரு உலோகம் மட்டும் இருந்தது.

முதலில் கேட்டது சகினா. ராயப்பேட்டைக்காரி. அதே ஸ்டூடியோவில் டப்பிங் குரல்களைச் சரிபார்ப்பவள். பத்தொன்பது நிமிடமும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அரே, பதினோராவது நிமிஷத்துல அடியில ஒண்ணு உறுமுதே. அது அந்த வண்டிதானே? உங்க வூட்ட இடிச்சது?" என்றாள்.

மணிமொழிக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்த வண்டி? மூணு அலை அது. ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் சுருதி விலகி நிக்குது. அதனால உறுமுது. அவ்ளோதான்."

"சரி, சரி, கத்தாத."

அன்று பஸ்ஸில் அந்த இடத்தை இருபது தடவை கேட்டாள். வண்டி மாதிரி இருந்தது. வண்டி மாதிரி இல்லாமலும் இருந்தது. இருந்தால்தான் என்ன, அது என் சமாச்சாரம் என்று முடிவு செய்து லேப்டாப்பை மூடினாள்.

சகினாதான் அவளிடம் சொல்லாமல் அந்த இசையை ஒரு விழாவுக்கு அனுப்பி வைத்தாள். மின்னணு இசைக்காக அடையாறில் சிலர் சேர்ந்து புதிதாகத் தொடங்கிய விழா. நடத்துபவர் பெயர் சுஹாஸ். நாற்பது வயதுக்குப் பக்கம், வெளிநாட்டில் படித்தவர், குரலை உயர்த்தாதவர். ஒரு வாரத்தில் கூப்பிட்டார். அடையாறில் ஒரு காபிக் கடையில் சந்தித்தார்கள்.

"பிரமாதமான வொர்க், மணி" என்று ஆரம்பித்தார். அவளை மணி என்று கூப்பிட அவருக்கு யாரும் அனுமதி தரவில்லை. அவள் பொறுத்துக்கொண்டாள். அவர் இசையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். பிறகு, இசையோடு சகினா அனுப்பிய குறிப்பில் ஒரு வரியாக இருந்த அந்த இடிபட்ட வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்த இடத்தில் இருந்தீர்கள், எத்தனை குடும்பம், இடித்த அன்று எங்கே இருந்தீர்கள், அம்மா என்ன செய்தார்கள். அவள் ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பதில் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஏதாவது ரெக்கார்டிங் இருக்கா? போன்ல எடுத்தது? அந்த மெஷின் சவுண்ட், ஜனங்க சத்தம்? நடுவுல அதைச் சேர்த்தா எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்கும் தெரியுமா?"

"இதுல ரெக்கார்டிங் எதுவும் வராது சார். அதான் இந்த மியூசிக்கே."

"புரியுது. ஆனா கேக்கறவங்க உள்ள நுழைய ஒரு கதவு வேணுமில்லையா?"

"சத்தம் கேக்குறதுக்குக் காது போதும் சார். கதவு எதுக்கு?"

அவர் சிரித்தார். "ஷ்யூர், ஷ்யூர். உங்க பீஸ், உங்க இஷ்டம்" என்றார். அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள். பிற்பாடு அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல் இல்லை, அந்தச் சிரிப்பை நம்பிய தன்மேல்தான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. 'இடிபாடுகளின் குரல்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, உடைந்த செங்கல் குவியலில் நிற்கும் ஒரு பெண் குழந்தையின் படம். அந்தக் குழந்தை யார் என்று மணிமொழிக்குத் தெரியாது. 'ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட மகளின் கண்ணீர் ஒலிகள்' என்று தொடங்கி மூன்று வரி. 'ஆறாம் உலோகம்' என்ற பெயர் கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. தேடினால்தான் கண்ணில் படும்.

அதே அழைப்பிதழில் பெங்களூரிலிருந்து வரும் ஒருவரைப் பற்றியும் எழுதியிருந்தது. அவரும் முழுக்க மென்பொருளில்தான் இசை அமைப்பவர். 'அலைகளின் கணிதத்தை ஆராய்பவர்' என்று அவருக்குக் குறிப்பு. அவர் வீடு எங்கே, அதை யாராவது இடித்தார்களா, அவர் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று ஒருவரும் எழுதவில்லை.

ஸ்டூடியோ மாடிப்படியில் நின்றுகொண்டு சுஹாஸைக் கூப்பிட்டாள்.

"யாரோட கண்ணீர் சார்? யாரு அயுதா?"

"மணி, ப்ரிண்ட் ஆயிடுச்சு. டீம் எழுதினது. அடுத்த தடவை திருத்திடலாம். உங்க மியூசிக்ல யாரும் கை வெக்க மாட்டாங்க. ப்ராமிஸ்."

போகவே வேண்டாம் என்றுதான் நினைத்தாள். சகினாதான், "போகலன்னா அந்தப் பேப்பர்ல எழுதினதுதான் நிஜம்னு ஆயிடும். எட்டு ஸ்பீக்கர்ல உன்னோடத எப்பக் கேக்கப் போற?" என்றாள். எட்டு ஸ்பீக்கர் என்ற வார்த்தை அவளை அசைத்துவிட்டது. அவள் ஹெட்போனுக்கு வெளியே அந்த உலோகம் இதுவரை ஒலித்ததே இல்லை.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கம், நூற்றைம்பது பேர் உட்காரலாம். நாற்காலிகளைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர். பின்வரிசைக்குப் பின்னால் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மிக்ஸர், அதில் கிரீஷ் என்ற இளைஞன். தேவானை வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். வழியில் பூ வாங்கி வைத்திருந்தாள். மூன்றாவது வரிசையில் சகினாவுக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெங்களூர்க்காரர் முடித்ததும் சுஹாஸ் மேடைக்கு வந்தார். ஆற்றங்கரையைப் பற்றிப் பேசினார். நகரத்தின் மனசாட்சி என்றார். மணிமொழியின் அம்மா இங்கே வந்திருக்கிறார் என்று சொல்லி, எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தேவானை எதற்கு என்று தெரியாமல் பாதி எழுந்து உட்கார்ந்தாள். ஓரமாக நின்றிருந்த மணிமொழிக்குக் காது சூடானது.

விளக்கு அணைந்தது. முதல் அலை எழும்பியது.

எட்டு மாதமாகக் காதுக்குள் கேட்டதை முதல்முறையாக உடம்பில் கேட்டாள். தரை அதிர்ந்தது. இரண்டாவது அலை பின்னாலிருந்து வந்து முதல் அலையை உலுக்கியது. கோபமெல்லாம் ஒரு நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். உலோகம் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தில் ஒரு புல்டோசர் வந்தது.

சந்தேகமே இல்லை. பதிவு செய்த, நிஜமான புல்டோசர். வலது பக்க ஸ்பீக்கரில் புறப்பட்டு இடது பக்கம் போனது. அதன்மேல் மோளம். சாவு வீட்டு மோளம். அதற்கும் மேல் ஒரு பெண் ஓவென்று அழுதாள். மணிமொழி எட்டு மாதம் செதுக்கிய சத்தம் இவற்றுக்கெல்லாம் கீழே, கல்யாண வீட்டில் ஓரமாக ஓடும் நாதஸ்வர கேசட் மாதிரி கிடந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணிமொழி மிக்ஸருக்கு நடந்து போனாள். ஓடவில்லை.

"இன்னாது இது?"

கிரீஷ் பயந்துவிட்டான். "சுஹாஸ் சார் குடுத்த ஃபைல்க்கா. ஃபைனல் வெர்ஷன்னு காலைல குடுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னு..."

அவள் கையை நீட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை மொத்தமாகக் கீழே இழுத்தாள். அழுகை பாதியில் அறுந்தது. அரங்கத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள். நூறு தலைகள் திரும்பின.

"இது என்னோடது இல்ல" என்றாள். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "அந்த வண்டி என்னோடது இல்ல. அந்த மோளம் என்னோடது இல்ல. அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது. எங்கருந்து எடுத்தாங்கன்னு அவரைக் கேளுங்க."

சுஹாஸ் வேகமாக வந்தார். தாழ்ந்த குரலில், "மணி, ப்ளீஸ். சும்மா மூணு லேயர். உங்க ஒரிஜினல் அப்படியே அடியில இருக்கு. எல்லாரும் எப்படிக் கனெக்ட் ஆனாங்க, பாத்தீங்கல்ல?" என்றார்.

"எதோட கனெக்ட் ஆனாங்க?"

"உங்க வலியோட."

"என் வலிய உங்க கைல நான் குடுத்தேனா சார்?"

அவர் வாய் திறந்தார். அவள் விடவில்லை. அவளுடைய வீட்டுப் பேச்சு அப்படியே வெளியே வந்தது. "எனக்கு மின்னாடி ஒருத்தர் போட்டாரே, அவருக்கு இன்னாத்துக்கு நீங்க மோளம் வெக்கல? அவரு கணக்கு போடுவாரு, நாங்க அயுவணும். அதானே? எட்டு மாசம் பஸ்ல குந்திக்கினு ஒண்ணுமே இல்லாததுல இருந்து ஒண்ணு செஞ்சேன் சார். இந்த ஊர்ல எவனும் கேக்காத சத்தம். அதுமேல குப்பையக் கொட்டிட்டு, கதவுன்னு சொல்றீங்க. எனக்கு வூடு போச்சின்னு சொல்றதுக்கு நான் மியூசிக் போடல. வூடு போச்சின்னு சொல்ல மனு எயுதத் தெரியும் எனக்கு. எயுதிக்கீறேன், எட்டு வருசமா எயுதிக்கீறேன். இது மனு இல்ல!"

 சுஹாஸ், "ஐ ஆம் ஸாரி நீங்க இப்படி ஃபீல் பண்றதுக்கு" என்றார். அந்த வாக்கியத்தின் நடுவிலேயே அவள் கிரீஷின் பக்கம் திரும்பிவிட்டாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். "இதுல சொருவு. மொதல்லருந்து."

கிரீஷ் சுஹாஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒயரைச் சொருகினான்.

பதினேழு பேர் எழுந்து போனார்கள் என்று சகினா பின்னால் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட அம்மாளும் அவர்களில் ஒருவர். சுஹாஸ் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் பத்தொன்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார்கள். பதினோராவது நிமிடத்தில் அந்த மூன்று அலைகள் அடியிலிருந்து உறுமியபோது மணிமொழி நகத்தால் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோதும் பெரிதாக இல்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கோயில் குளத்தைச் சுற்றி நடந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தார்கள். தேவானை திடீரென்று நின்றாள்.

"ஏண்டி, மொதல்ல போட்டானே, அதுல ஒருத்தி ஓன்னு அயுதாளே, அவ யாரு?"

"தெரியலம்மா. எங்கயோ எடுத்துப் போட்டுக்கீறாங்க."

"அன்னிக்கு நம்ம தெருவுல எவளும் அயுவுல. எங்க அயுவுறது? கேஸ் சிலிண்டர தூக்கிக்கினு ஓடறதா, பீரோவ எறக்கறதா, குந்தி அயுவுறதா? பக்கத்து வூட்டு ஹனீஃபா கட்டில தனியா தூக்கி முதுகு புடிச்சிக்கிச்சி. நான் அந்த வண்டிக்காரன் அப்பன், தாத்தன் எல்லாத்தையும் திட்டினேன். தொண்டை கட்டிக்கினு மூணு நாளு பேச்சு வர்ல. என்னப் போயி அய வெக்கிறானா அவன்?" ரோட்டிலேயே காறித் துப்பினாள். "என்ன எந்திரிச்சி நிக்கச் சொல்றான். கை தட்டறானுங்கோ. எதுக்குடி கை தட்டனானுங்கோ? வூடு போனதுக்கா?"

 மணிமொழி அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள். "ரெண்டாவதா போட்டது எப்டி இருந்துச்சி?"

தேவானை யோசித்தாள். "பல்லு கூசிச்சி" என்றாள். "ஆனா எந்திரிக்க முடில."

திங்கட்கிழமைக்குள் சுஹாஸ் இணையத்தில் நீளமாக எழுதிவிட்டார். காயப்பட்ட மனங்களோடு வேலை செய்வது எவ்வளவு கடினம், அன்பு தவறாகப் புரிந்துகொள்ளப்படும்போது எவ்வளவு வலிக்கிறது என்று. அவருக்கு முந்நூறு பேர் ஆறுதல் சொன்னார்கள். விழாவின் இணையப் பக்கத்திலிருந்து அவள் பெயர் காணாமல் போனது. ஒருவர் அவளுக்குப் பரிந்து எழுதினார். தலைப்பு, 'ஒடுக்கப்பட்டவளின் ஆவேசம்'. அதைப் படித்துவிட்டு அவள் போனைத் தூக்கி மேஜைமேல் போட்ட வேகத்தில் சகினாவின் டீ கொட்டியது. ஆதரிக்கிறவனும் அதே கதவு வழியாகத்தான் வருகிறான் என்றாள்.

"சும்மா இருக்கறியா, இல்ல பதில் எழுதறியா?" என்றாள் சகினா, மேஜையைத் துடைத்துக்கொண்டே.

எழுதினாள். நான்கு வரி. 'நான் அனுப்பிய கோப்பில் இல்லாத ஒலிகளை என் அனுமதி இல்லாமல் சேர்த்து என் பெயரில் ஒலிபரப்பினார்கள். அதைத்தான் நிறுத்தினேன். சேர்க்காத கோப்பு இதோ. பத்தொன்பது நிமிடம்.' வேறெதுவும் சொல்லவில்லை. முதல் வாரம் நாற்பது பேர் கேட்டார்கள். சண்டை எங்கே வருகிறது என்று தேடி வந்தவர்கள் பாதிப் பேர் இருக்கலாம். சுஹாஸிடமிருந்து மன்னிப்பு என்று ஒன்று இன்றுவரை வரவில்லை.

கிரீஷிடமிருந்து ஒரு போன் வந்தது. அந்த விழாக்காரர்கள் அவனை அப்புறம் கூப்பிடவில்லையாம். "அக்கா, அந்தப் பதினோராவது நிமிஷம் அந்த ஹால்ல சரியா வரலக்கா. பெரிய ஸ்பீக்கர் வேணும். திருவான்மியூர்ல நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தன் டான்ஸ் சொல்லிக் குடுக்கற எடம் கீது. ஞாயித்துக்கெழம மத்தியானம் காலிதான்" என்றான். அவள் வீட்டைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மே மாத வெயிலில், மின்விசிறி மட்டும் உள்ள அந்தக் கூடத்தில் பதினோரு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். அறிமுகப் பேச்சு இல்லை. கிரீஷ் சத்தத்தை ஓர் அளவில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"இன்னும் ஏத்து" என்றாள்.

"அக்கா, பக்கத்து வூட்டுல வந்து கத்துவாங்க."

"கத்தட்டும். ஏத்து."